திறக்காத சிப்பி

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் இரண்டு விதமான வியாபாரம் நடக்கும். பெரிய வியாபாரம் அரசாங்கத்துடையது. அன்றன்று குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டு, மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். வாங்கிய வியாபாரிகள் அதைக் குவித்து அழுகவிட்டு, கழுவி முத்தெடுப்பார்கள். சின்ன வியாபாரம், குளித்தவர்கள் தங்கள் பங்கோடு வெளியே வந்ததும் தொடங்கும். கையில் சில்லறையோடு நிற்கும் கூட்டம் ஐந்து சிப்பி, பத்து சிப்பி என்று வாங்கி, அங்கேயே மணலில் குந்திப் பிளந்து பார்க்கும்.

பெரும்பாலானவற்றில் சதையைத் தவிர ஒன்றும் இருக்காது. சிலவற்றில் கடுகைவிடச் சிறிய மணி. எப்போதாவது ஒன்றில் வாயடைக்க வைக்கும் முத்து. எது, எப்போது என்பதற்குக் கணக்கே கிடையாது. முத்து இல்லாத சிப்பியைத் திறந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகமாட்டான். அடுத்ததைத்தான் எடுப்பான், மடியில் காசு தீரும்வரை.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது மணப்பாடு. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும், மணல்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலும் ஊரின் அடையாளங்கள். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்களில் ஒன்றுக்கு ‘மணப்பாடு பெரியபார்’ என்று இந்த ஊரின் பெயரே உண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல். அந்தக் கரையில் இன்று சிப்பி பிளப்பவர் யாரும் இல்லை. ஆனால் பிள்ளைகளின் கட்டைவிரல் மேலே தள்ளத் தள்ள ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே இருக்கிறது ரீல்ஸ். காசு கேட்பதில்லை. எண்ணிக்கை தீர்வதில்லை. ஏலம் முடிந்தது, எல்லாரும் போகலாம் என்று சொல்ல அங்கே ஆளும் இல்லை.

சமூக ஊடக அடிமைத்தனத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், பிள்ளையின் குணத்தை ஆராயும் முன்பு அந்தச் சிப்பியின் கணக்கை ஆராய வேண்டும் என்பது என் கட்சி. சிகிச்சையும் அந்தக் கணக்கில் கை வைத்தால்தான் பலிக்கிறது.

*

கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் புறாக்களைக் கேட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் தங்கள் பல ஆண்டுச் சோதனைகளை 1957இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். கூண்டுக்குள் ஒரு பொத்தான். புறா அதைக் கொத்தினால் தீனி விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி என்றால் புறா பசிக்குக் கொத்தும், வயிறு நிறைந்ததும் விட்டுவிடும். இருபது கொத்துக்கு ஒருமுறை என்று நிலையாக வைத்தால், தீனி கிடைத்ததும் சற்று ஓய்வெடுக்கும். ஆனால் சராசரியாக இருபதுக்கு ஒன்று, எந்தக் கொத்துக்கு என்று மட்டும் தெரியாது என்று வைத்தபோது புறா ஓய்வையே மறந்தது. தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. சூதாட்ட இயந்திரங்களுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை ஒட்டுக்கேட்டார். எதிர்பாராமல் வாயில் பழச்சாறு விழுந்தால் அணுக்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஆக, டோபமின் அளப்பது இன்பத்தை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. பீட்டர் டயன், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1997இல் எழுதிய கட்டுரை இதைத்தான் நிறுவியது.

அடுத்த சோதனை நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. 2003இல் கிறிஸ்டோபர் ஃபியோரிலோவும் ஷுல்ட்ஸும், சாறு கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். விளக்கு எரிந்ததிலிருந்து முடிவு தெரியும்வரையிலான இடைவெளியில் நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல ஏறியது. கட்டாயம் கிடைக்கும் என்றபோதும் கட்டாயம் கிடைக்காது என்றபோதும் அந்த ஏற்றம் இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் அது உச்சம். முத்து கைக்கு வந்தபின்பு அல்ல, கத்தி சிப்பியின் வாயில் நுழைகிறதே, அந்தக் கணம்தான் மூளைக்குத் திருவிழா.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமினை ஏறக்குறைய முழுவதுமாக இழந்த எலிகளை ஆராய்ந்தார். வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அவை வழக்கம்போல உதட்டை நக்கி ரசித்தன. ஆனால் எழுந்துபோய்ச் சாப்பிட முயலவில்லை. விரும்புவதும் வேண்டுவதும் மூளையில் வேறு வேறு பாதை. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய குழப்பம் தீரும். இரவு ஒரு மணிக்கு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘போரடிக்கு’ என்பான். கை மட்டும் நிற்காது. அவன் பொய் சொல்லவில்லை. விருப்பம் எப்போதோ தீர்ந்துவிட்டது, வேட்கை மிச்சமிருக்கிறது. (கடையில் விற்கும் ‘டோபமின் விரதம்’ பற்றிய புத்தகங்களை இந்த இடத்தில் மறந்துவிடலாம். டோபமின் இல்லாமல் நம்மால் கையைக்கூட ஒழுங்காக அசைக்க முடியாது. அதற்கு விரதம் இருக்க வழியில்லை.)

*

இந்தக் கணக்கு போனுக்குள் எப்படி வந்தது? ஒரேயடியாக அல்ல. பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் பொத்தானை அமுக்க வேண்டும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. அந்தச் சின்னத் தடங்கலில் மனிதன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பான். 2006இல் அஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் கீழே ஓடும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. ஃபேஸ்புக்கின் முதல் தலைவரான ஷான் பார்க்கர் 2017இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்: உங்கள் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக விழுங்கலாம் என்பதே ஆரம்பத்தில் தங்கள் யோசனை என்றும், மனித மனத்தின் ஒரு பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்றும்.

சிப்பிக்கும் போனுக்கும் உள்ள உறவு இங்கே முறிகிறது. சிப்பிக்கு நம்மைத் தெரியாது. இன்ஸ்டாகிராமுக்கு நம்மைத் தெரியும். எந்தக் காணொளியில் விரல் ஒரு நொடி கூடுதலாகத் தயங்கியது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்து எதைக் காட்டலாம் என்று அது முடிவு செய்கிறது. பாருக்குள் இருந்துகொண்டே குளிப்பவனின் மனசைப் படித்து முத்தை இடம் மாற்றி வைக்கும் கடல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அதோடு, உள்ளே இருக்கும் முத்து வெறும் வேடிக்கை அல்ல, மற்ற மனிதர்கள். ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, நீல டிக் விழுந்தும் ஏன் பதில் இல்லை? 2016இல் லாரன் ஷெர்மன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் கலிபோர்னியாவில் 13 முதல் 18 வயதுள்ள 32 பேரை மூளை ஸ்கேனில் வைத்துப் படங்கள் காட்டினார்கள். நிறைய லைக் வாங்கிய படத்தைக் கண்டதும், அதிலும் தன் படமே லைக் வாங்கியிருப்பதைக் கண்டதும், மூளையின் வெகுமதிப் பகுதி ஒளிர்ந்தது. புகைபிடிப்பது போன்ற ஆபத்தான செயல்களைக் காட்டும் படங்களைப் பார்த்தபோது, தன்னைக் கட்டுப்படுத்த உதவும் பகுதிகளின் இயக்கம் குறைந்தது. பதின்வயதில் வெகுமதி தேடும் பகுதி முந்திக்கொண்டு முதிர்ந்துவிடுகிறது. பொறு என்று தடுக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கே கட்டுப்பாடு வேண்டாமா?’ என்று கேட்பது, இன்னும் வந்து சேராத விருந்தாளியிடம் கணக்குக் கேட்கிற காரியம்.

*

அப்படியானால் போன் பார்க்கிற எல்லாரும் நோயாளிகளா? இல்லை. இதில் அறிவியல் நம் வீட்டுப் பெரியவர்களைவிட நிதானமாகவே பேசுகிறது.

1995இல் இவான் கோல்ட்பர்க் என்ற நியூயார்க் மனநல மருத்துவர் ‘இணைய அடிமை நோய்’ என்ற ஒன்றை அறிகுறிப் பட்டியலோடு அறிவித்தார். மனநலக் கையேடுகள் எதையெடுத்தாலும் நோயாக்குகின்றன என்று கேலி செய்வதற்காக அவர் எழுதியது அது. படித்தவர்கள் எங்களுக்கும் அது இருக்கிறது என்று உதவி கேட்டு வரத் தொடங்கினார்கள். அது நோயா இல்லையா என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்டக் கோளாறும் வீடியோ விளையாட்டுக் கோளாறும் இருக்கின்றன. சமூக ஊடகம் இல்லை.

நோய்ப் பட்டியலில் இல்லை என்பதால் துன்பம் இல்லை என்று ஆகாது. நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய அளவுகோலில் ஆறே கேள்விகள்தான். கடந்த ஒரு வருடத்தில் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாயா? மேலும் மேலும் நேரம் தேவைப்பட்டதா? கவலையை மறக்க அதற்குள் போனாயா? குறைக்க முயன்று தோற்றாயா? கிடைக்காதபோது நிலைகொள்ளாமல் தவித்தாயா? படிப்போ வேலையோ கெட்டதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி இதில் இல்லாததைக் கவனியுங்கள். நாலு மணி நேரம் பார்த்தும் வாழ்க்கை குலையாதவர் உண்டு. ஒன்றரை மணி நேரத்திலேயே சிக்கிக்கொண்டவரும் உண்டு.

ஆக்ஸ்ஃபர்டின் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ப்ஷிபில்ஸ்கியும் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களின் மனநல ஏற்றத்தாழ்வில் திரைப் பழக்கத்தோடு ஒட்டிப்போனது அதிகபட்சம் 0.4 சதவீதம். இந்த எண்ணைக் காட்டி, பயமெல்லாம் வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சராசரி என்பது ஊரையே ஒரு தராசில் போடுவது. மூழ்குகிறவன் அதில் தெரியமாட்டான். ஆனால் வகுப்பில் இருக்கும் அத்தனை பேரையும் நோயாளி என்று அழைப்பதற்கும் அந்த எண் இடம் தரவில்லை.

*

தமிழ்நாடு இந்தப் பிரச்சினையைத் தடையால் தீர்க்க முயன்று பார்த்த அனுபவம் உள்ள மாநிலம். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரன், சுந்தர் அமர்வு, டிக்டாக் செயலியைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்தன. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும்தான் இருந்தார்கள். ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று, வேறு காரணத்துக்காக, சீன எல்லைத் தகராறை ஒட்டி, டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. இந்தியாவில் அப்போது டிக்டாக்குக்குச் சுமார் 20 கோடிப் பயனாளர்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் தொடங்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். பெயர் போயிற்று, கணக்கு போகவில்லை. விரல் அதே இடத்தில், அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது.

போனையே பிடுங்கிவிடலாம் என்பது அடுத்த யோசனை. கடற்கரை மனிதனிடம் அது எடுபடாது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் செல்போன் நுழைந்தபோது மீனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். எந்தக் கரையில் மத்திக்கு விலை என்று கடலிலிருந்தே கேட்டுப் படகைத் திருப்பினார்கள். விற்காமல் கொட்டிய மீன் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, அலைபேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததால் எத்தனை உயிர் போயிற்று என்பது குமரி, தூத்துக்குடிக் கரைகளுக்குத் தெரியும். மதுவை முற்றாக விடலாம், போனை விட முடியாது. அதனால் இந்தச் சிகிச்சையின் இலக்கு துறவு அல்ல, அளவு.

*

சிகிச்சை எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு பையனை வைத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான், ஆனால் மணப்பாட்டுக் கரையில் தேடினால் கிடைப்பான். வயது பத்தொன்பது. கல்லூரியில் நாலு அரியர். அப்பா கப்பல் வேலையில் எங்கோ இருக்கிறார். வாட்ஸ்அப் காலில்தான் முகம் பார்ப்பது. இரவு இரண்டு மணிவரை போன். அம்மா அவனை மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு வருகிறார்.

“எந்நேரமும் போனும் கையுமாத்தான் கெடக்கான் டாக்டர். பிடுங்கினா வீட்டையே ரெண்டாக்குதான். நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க.”

நல்ல ஆலோசகர் அந்த நாலு வார்த்தையைச் சொல்லமாட்டார். முதலில் பையனிடம், “தம்பி, இதுல உனக்குக் கெடைக்கது என்ன, போறது என்ன, நீயே சொல்லு” என்று கேட்பார். மாற வேண்டும் என்ற வாதத்தை மற்றவர் வைத்தால் மனிதன் எதிர்வாதம் வைப்பான். அவன் வாயிலிருந்தே அது வந்தால் நிற்கும். வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் குடிநோயாளிகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது.

பிறகு ஒரு வாரக் குறிப்பு. எப்போது போனை எடுத்தாய், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எடுத்தபின் மனசு எப்படி இருந்தது. எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியவரும். நம் பையன் விஷயத்தில், அரியர் பற்றிய பேச்சு வந்த உடனே. படுத்தும் தூக்கம் வராதபோது. கூடப் படித்தவன் வேலை கிடைத்த படத்தைப் போட்ட அன்று முழுவதும். ஆக போன் அவனுக்கு நோய் மட்டுமல்ல, அவமானத்துக்குப் போட்டுக்கொண்ட களிம்பும்கூட. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மனோஜ் குமார் சர்மா தலைமையில் 2014இல் தொடங்கிய ‘ஷட்’ கிளினிக், தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே இந்தியாவில் முதலில் வந்த சிகிச்சை மையம். 2018இல் அங்கே வந்த 26 வயது இளைஞர் ஒருவர், நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் நெட்பிளிக்ஸ் பார்த்ததாகச் செய்தி வந்தது. வேலையில்லாத கவலையிலிருந்தும் வீட்டார் கேள்வியிலிருந்தும் ஒளிந்துகொள்ளத்தான் அவர் அதற்குள் போயிருந்தார். மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவை அடியில் இருக்கின்றனவா என்று தேடாத சிகிச்சை அரைச் சிகிச்சை. இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. சமூக ஊடகப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது.

அடுத்து கணக்கில் கை வைக்கும் வேலை. நோட்டிபிகேஷன்களை மொத்தமாக நாளுக்கு மூன்று வேளை மட்டும் வரச் செய்தவர்களின் மன அழுத்தம் குறைந்ததை 2019இல் ஒரு சோதனை காட்டியது. முழுவதுமாக நிறுத்தியவர்களுக்கோ பதற்றம் கூடியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களுக்குத் தனிமையுணர்வும் சோர்வும் குறைந்தன. பத்து நிமிடம், மூன்று வேளை என்பதெல்லாம் எதிர்பாராத வெகுமதியை எதிர்பார்த்த வெகுமதியாக மாற்றும் தந்திரம். விளக்குக்குப் பழகிய குரங்கு சாறு வந்தபோது சலனமில்லாமல் இருந்ததே, அந்தச் சலனமின்மைதான் நமக்கு வேண்டியது.

நம் பையன் வீட்டில், போன் இரவு பத்து மணிக்கு முன்னறையில் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே சார்ஜில் போய்ச் சேரும். அவனுடையது மட்டுமல்ல, அம்மாவுடையதும். அலாரத்துக்கு வேண்டும் என்ற சாக்கை அடைக்க ஒரு பழைய மணிக்கடிகாரம். அப்பாவின் அழைப்புக்கு வாட்ஸ்அப் இருக்கும், இன்ஸ்டாகிராம் போனில் இருக்காது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் அக்காவின் லேப்டாப்பில், கடவுச்சொல் அடித்துத்தான் பார்க்க வேண்டும். அந்த அரை நிமிடத் தடங்கலுக்கு இருக்கும் பலம் அறிவுரைக்குக் கிடையாது. விட்ட மாலை நேரத்தில் மணலில் பந்து. காலி நேரத்தை நிரப்பாமல் பழக்கத்தை மட்டும் எடுத்தால் அது திரும்பி வந்து உட்காரும்.

முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். தீனி நின்றதும் புறா உடனே ஓயவில்லை, முன்பைவிட ஆவேசமாகக் கொத்திய பிறகே ஓய்ந்தது. வீட்டை இரண்டாக்கும் பையனும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறான். இங்கேதான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. பத்து முறை மறுத்த அம்மா பதினோராவது முறை, ‘தொலையட்டும்’ என்று கொடுத்துவிடுகிறார். கத்தினால் சில சமயம் கிடைக்கும், எப்போது என்று தெரியாது என்றாகிவிடுகிறது. எந்தக் கணக்கை உடைக்க நினைத்தோமோ அதே கணக்கை வீட்டுக்குள் நாமே நிறுவிவிடுகிறோம். கொடுப்பதானால் முதல் முறையே கொடுங்கள். மறுப்பதானால் கடைசிவரை மறுங்கள்.

வேட்கை எழும்போது என்ன செய்வது? அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் அதை அலையாகப் பார்க்கச் சொன்னார். எதிர்த்து நிற்காதே, அதன் மேல் இரு, ஏறும், உடையும். மணப்பாட்டுக்கு அலைச்சறுக்குக் கற்க வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மார்லட் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம். ஒரு நாள் தவறிவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம்தான் ஒரு இரவின் சறுக்கலை ஒரு மாதத்து வீழ்ச்சியாக்குகிறது.

பலிக்குமா என்றால், பலிக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இணையத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் அடிமையான 143 ஆண்களுக்கு இந்த வகைப் பேச்சுச் சிகிச்சை அளித்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 69 சதவீதத்தினர் மீண்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 24 சதவீதத்தினர். அதே சமயம், அடித்துத் திருத்தும் முகாம்களுக்கு யாரும் போக வேண்டாம். சீனாவில் இணைய அடிமைத்தனத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2009இல் அந்நாட்டு சுகாதார அமைச்சகமே அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

*

ஒரு பையனைத் திருத்தி அனுப்பினாலும் அவன் போய்ச் சேருவது மற்ற பையன்கள் நடுவில்தான். சிகாகோவின் லியோனார்டோ பர்ஸ்டினும் குழுவினரும் 2023இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், நாலு வாரம் டிக்டாக் கணக்கை முடக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார்கள். சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். கல்லூரியில் எல்லாருமே முடக்குவதானால்? பணம் வேண்டாம், நாங்களே 28 டாலர் தருகிறோம் என்றார்கள். எல்லாரும் வெளியேற விரும்பும் இடத்தில், முதலில் வெளியேற ஒருவருக்கும் தைரியமில்லை.

இந்த முடிச்சை மணப்பாட்டுக் கரைக்கு அவிழ்க்கத் தெரியும். இங்கே ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஒருவன் போனால் அடுத்தவனுக்கு இருப்புக்கொள்ளாது. அதனால்தான் அது தனிமனித விரதமாக இல்லாமல் ஊர்க்கட்டுப்பாடாக இருக்கிறது. முத்துச் சலாபத்தையும் நினைத்தபோதெல்லாம் நடத்தியதில்லை. பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளைத் திறந்து மதிப்புப் போட்ட பிறகே திறந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் திறக்காமல் கிடந்த காலமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் 2022 ஆகஸ்டில் இதைப் போனுக்குச் செய்துகாட்டியது. மாலை ஏழு மணிக்குக் கோவிலில் சைரன் ஒலிக்கும். ஒன்றரை மணி நேரம் ஊர் முழுவதும் டிவியும் போனும் அணையும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் திண்ணையில் பேசுவார்கள். மாலைச் செபத்துக்குத் திருந்தாதி மணி அடிக்கிற ஊர்களுக்குப் புதிதாகச் சைரன்கூடத் தேவையில்லை.

சட்டங்கள்? ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுத்திருக்கிறது. பிள்ளைகளைவிட நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் அதன் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. தண்டம் பெற்றோருக்கு இல்லை, நிறுவனத்துக்கு. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நள்ளிரவு விளையாட்டுக்குப் பூட்டுப் போட்டு, பத்தே ஆண்டில் பூட்டைக் கழற்றியது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். சட்டம் வரும்வரை வீட்டிலும் ஊரிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

உங்கள் பிள்ளையோ நீங்களோ பெர்கன் அளவுகோலின் அந்த ஆறு கேள்விகளில் நாலுக்கு ‘அடிக்கடி’ என்று பதில் சொல்வீர்களானால் யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற எண், மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் போவதானால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது பையனை மட்டும் அனுப்பாதீர்கள், வீட்டாரும் கூடப் போங்கள்.